மூன்றாம் ஓலை

முதல் மணி அடித்தாயிற்று. கிப்சன் வரவில்லை. வருவான். வராமல் எங்கே போவான், இன்றைக்கு அவன் பெயரைத்தானே வாசிக்கப் போகிறார்கள். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் இதே தூணோரப் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், ஒரு வார்த்தை கேட்காமல். ஆண்கள் பக்கம் எத்தனை பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. அவனுக்கு நான்தான் வேண்டும். ஏன் வேண்டும்? அதைத்தான் யோசிக்கிறேன். இன்றைக்கு மூன்றாம் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். ஓலை என்று பெயர்தான், இப்போதெல்லாம் காகிதம். மூன்றாவதிலும் யாரும் வாய் திறக்காவிட்டால் முடிந்தது. அதற்கு அப்புறம் பேசுகிறவன் பொறாமைக்காரன். எனக்குத் தெரிந்து ஒருத்தனும் வாய் திறந்ததில்லை. போதகர் ஐயர் கேட்பார், ஒரு மூச்சு விடுவார், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் எப்போது என்று அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். அந்த ஒரு மூச்சுக்குள் நான் எழுந்து நிற்கவேண்டும். மணமகள் பியூலா, என் மருமகள், செத்துப்போன என் மகன் வின்ஸ்டனின் மனைவி. மணமகன் கிப்சன், மோட்டார் வைண்டிங் கடைக்காரன். அவனை நான் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணோடும் பிள்ளையோடும் பார்த்தேன். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில். யாரிடமும் சொல்லவில்லை.

நான் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி ஏறுவது, டிக்கெட் டிக்கெட் என்று கேட்டுக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வருவது. அதுதான் வேலை. படியில் கால் வைத்ததுமே தெரிந்துவிடும். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இல்லையென்றால் தூங்குவான். ரொம்பக் கெட்டிக்காரன் சிரிப்பான், வாங்க சார் என்பான், நகர்ந்து இடம் கொடுப்பான். கிப்சன் சிரிக்கிற ரகம். அன்றைக்கு அவன் என்னைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கூட வேலை பார்த்த மாசிலாமணி இறந்துபோய் அடக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழி, வள்ளியூரில் பஸ் மாறணும். டீக்கடை ஓரத்தில் சிமெண்ட் பெஞ்சு. பச்சைச் சேலை கட்டின ஒருத்தி. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வயசு இல்லை. கிப்சன் கையில் துணிக்கடைப் பை. பிள்ளையின் செருப்பு வார் கழன்றுவிட்டது போல. குனிந்தான். கண்டவனும் துப்பிவைத்திருக்கிற அந்தத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, பிள்ளையின் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து வாரை மாட்டிவிட்டான். அவசரமே இல்லை. பிள்ளை அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றது, விழாமல் இருக்க. பழகின கை. பிறத்தியான் பிள்ளைக்கு எவன் இப்படிக் குனிவான்? தகப்பன் குனிவான். நான் போய்க் கேட்டிருக்கலாம். என் பஸ் வந்துவிட்டது. பஸ் வந்தது உண்மை. அதற்குப் பின்னால் இன்னொரு பஸ் வந்திருக்கும், அதுவும் உண்மை. ஏறி உட்கார்ந்தேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

இதோ வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, நனைத்துச் சீவின தலை. "தோத்திரம் மாமா." "ம்." "கொஞ்சம் தள்ளிக்கிடுதியளா?" "அங்கெல்லாம் காலியாத்தான கெடக்கு." "இங்கதான் காத்து வருது." காற்றே வராத இடம் என்று தெரிந்துதான் நான் இங்கே உட்காருகிறேன், நேராகக் காற்று அடித்தால் எனக்கு மூக்கடைக்கும். பொய்யன். உட்கார்ந்துவிட்டான். நான் இவனுக்கு எப்படி மாமா? பியூலாவுக்கு மாமா, சரி, அவள் என் மகனைக் கட்டினவள். அவளைக் கட்டப்போகிறவனுக்கு நான் என்ன முறை? அந்த முறைக்கு எந்த ஊரிலும் பெயர் கிடையாது. முதல் தடவை மாமா என்றபோதே கேட்டேன், "யாருக்கு மாமா?" என்று. "வேற எப்படிக் கூப்பிடச் சொல்லுதீங்க, அதச் சொல்லுங்க," என்றான், சிரித்துக்கொண்டு. பவனி உள்ளே வருகிறது. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். முழங்கால் கடகடவென்கிறது. பாட்டுப் புத்தகத்தில் இவன் பக்கத்தைத் தேடி எடுத்து என் கையில் கொடுக்கிறான். எனக்கு எண் தெரியாதா? பலகையில் எழுதித்தானே போட்டிருக்கிறது. குரல் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது, கீழ்க்கட்டையில். குரலை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. டிக்கெட் இல்லாமல் போகிறவனும் நன்றாகப் பாடுவான்.

இவன் கதை இப்படி. பணகுடிப் பக்கத்துக்காரன். இங்கே வந்து கடை போட்டான், ஜெபக்குழுவில் சேர்ந்தான். ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னானாம், கர்த்தர் தனக்கு ஒரு பெண்ணைக் காட்டியிருக்கிறார் என்று. எப்படிக் காட்டினார்? வேதம் வாசிக்கும்போது. பியூலா என்கிற பெயர் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் ஒரே இடத்தில் வருகிறது, அந்த இடம் இவனுக்கு அடிக்கடி எதிர்ப்பட்டதாம். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கு ஒரு வசன அட்டை எடுப்போமே, அதிலும் அதுவே வந்ததாம். பியூலா என்று ஒருத்தி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், இவன் அங்கே இருமல் மருந்து வாங்கப் போகிறான், பெயரைத் தெரிந்துகொள்கிறான், அதற்கு அப்புறம்தானே வசனம் எதிர்ப்படும்? கனகமணி என்று ஒருத்தி அந்தக் கடையில் நின்றிருந்தால் கர்த்தர் என்ன செய்திருப்பார்? இதை நான் பியூலாவிடமே கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "நானும் இதத்தான் அவருகிட்ட கேட்டேன் மாமா." "என்ன சொன்னான்?" "இருமல் மருந்து வாங்கப் போனதும் கர்த்தர் காட்டுனதுதான்னாரு." பார்த்தீர்களா, பதில் தயாராக வைத்திருக்கிறான். இந்த ஆட்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் திறந்த வாசல் என்பார்கள், விசா வராவிட்டால் அடைத்த வாசல். எல்லாம் கர்த்தருடைய சித்தம். என் தம்பி சாலொமோன் அப்பாவுடைய தோட்டத்தைத் தன் பேருக்கு மாற்றினபோதும் மூன்று நாள் உபவாசம் இருந்துதான் மாற்றினான். எனக்கு எழுபத்துநாலு வயது. பால் குடிக்கிற பிள்ளையாக இந்தக் கோயிலுக்குத் தூக்கி வந்தார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடக் கர்த்தர் என்னிடம் பேசினதில்லை. இவர்களிடம் மட்டும் எப்படி ஓயாமல் பேசுகிறார்? வின்ஸ்டன் காய்ச்சலில் படுத்தான். டெங்கு. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள், ஜெபித்தார்கள், பிழைப்பான் என்று ஒரு அம்மாவுக்குத் தரிசனமே வந்தது. செத்துப்போனான். அதே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் தேவ சித்தம் அண்ணாச்சி," என்றாள். "அத எப்ப உங்ககிட்ட சொன்னாரு?" என்று கேட்டேன். கையை விட்டுவிட்டாள். சபையில் எனக்கு முரடன் என்று பெயர் வந்தது அப்போதிருந்துதான். பியூலா அந்த வராந்தாவில் எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். சித்தம் என்று சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மாமா, காலையிலருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல," என்றாள். அவ்வளவுதான்.

முதலாம் பாடம் வாசிக்கிறார்கள். யாரோ ஒரு வாத்தியார், குரலை ஏற்றி இறக்கி. பியூலா அதற்குப் பிறகு தன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை குட்டி இல்லை, போயிருக்கலாம். போகவில்லை. அந்த வயதானவரைப் பார்த்துக்கொள்ளக் கர்த்தர் அந்தப் பெண்ணை வைத்திருக்கிறார் என்று ஊர் சொன்னது. ஐயர் பிரசங்கத்திலேயே சொன்னார், பெயர் சொல்லாமல். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். உலகத்தில் எத்தனையோ பேர் சித்தம் என்று சொல்லி நீட்டியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். அந்த ஒன்றை மட்டும் செக் பண்ணவே இல்லை. காலையில் எழுந்தால் டீ இருந்தது. ராத்திரி மாத்திரை தட்டில் இருந்தது. வீட்டில் இன்னொரு ஆள் நடக்கிற சத்தம் இருந்தது. எதற்குச் செக் பண்ணணும்? வேண்டாம், இப்போது அது எதற்கு. பச்சைச் சேலைக்காரி யார், அதுதான் கேள்வி. பேச்சை மாற்றுகிறேன். என்னிடமே நான் பேச்சை மாற்றுகிறேன்.

இவன் சம்பந்தம் கேட்டு ஆள் அனுப்பினபோது பியூலா என்னிடம் வந்தாள். நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறைத்தாள். "மாமா, நீங்க ஜெபம் பண்ணுங்க. உங்க மனசுல சமாதானம் இருந்தாப் பாத்துக்கிடலாம். இல்லன்னா விட்டுருவோம்." "எங்கிட்ட எதுக்குக் கேக்க? அவருகிட்ட கேளு." "கேட்டேன்." "என்ன சொன்னாரு?" "ஒண்ணும் சொல்லல மாமா. அதான் உங்ககிட்ட கேக்கேன்." அவளுக்கும் அவர் ஒன்றும் சொல்வதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது. ஒரு வாய் வார்த்தை, அவள் விட்டுவிடுவாள். சரி என்றும் வாய் வரவில்லை. "ஓலை குடு," என்றேன். "மூணு ஓலை இருக்குல்லா. தடை இருந்தா அதுக்குள்ள அவரு சொல்லட்டும்." அவருடைய தலையில் தூக்கிப் போட்டேன். அடுத்த வாரமே வள்ளியூர். நான் கேட்டேன், அவர் காட்டினார். மாசிலாமணி அந்த வாரம் பார்த்து ஏன் சாகணும்? அந்த நேரத்துக்கு நான் ஏன் பஸ் மாறணும்? இல்லை, இதற்குப் பெயர் என்ன? இருமல் மருந்து வாங்கப் போனதும் அவர் காட்டினதுதான் என்று இவன் சொன்னானே, இதுவும் அதுதானே. எனக்குக் காட்டுவதற்காக மாசிலாமணியைச் சாகடித்தார் என்கிறேன். அவன் பெண்டாட்டி கேட்டால் செருப்பால் அடிப்பாள்.

இன்றைக்குக் காலையில் பியூலா என் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஓலை வாசிக்கிற ஞாயிறு பெண் கோயிலுக்கு வராது, எங்கள் பழக்கம் அப்படி. டீயைக் கொடுத்துவிட்டு நின்றாள். "மாமா, இன்னைக்கு மூணாவது." "தெரியும்." "ஏதும் சொல்லணுமா?" "என்ன சொல்லணும்?" "ஒண்ணுமில்ல." அந்த ஒண்ணுமில்ல என்ன? அவளுக்கு எதுவும் தெரியுமா, என் முகத்தைப் பார்த்து ஏதாவது கண்டுபிடித்தாளா? அவளும் ஒரு மாதிரி செக்கர்தான், என் தட்டில் எவ்வளவு சோறு மிச்சம் என்று பார்த்தே எனக்குக் காய்ச்சல் என்று சொல்லுவாள். நேற்று அடுக்களையில் பார்த்தேன், உப்பு, சீனி, டீத்தூள் எல்லாவற்றையும் மேல் தட்டிலிருந்து இறக்கி என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறாள். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தாள். பற்றவைத்தேன். "இவ்வளவுதான் மாமா," என்றாள். எங்ககூட வந்துருங்க என்றும் சொன்னாள், ஒரு நாள் இல்லை, பல நாள். யார் சொல்லிக் கொடுத்தது? அவன் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, அதில் எனக்கு எங்கே இடம். என்னைக் கிளப்பிவிட்டு என் வீட்டை வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. இருக்கும். இல்லாமலும் இருக்கும். "என் வீட்ட விட்டுட்டு நான் எதுக்கு வரணும்," என்று சொல்லிவிட்டேன். அவள் டீத்தூளை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

இரண்டாம் பாடமும் முடிந்துவிட்டது. என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நேரம் குறைகிறது. ஒரு அடையாளம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. வேதத்தில் பழைய ஆட்களெல்லாம் கேட்டிருக்கிறார்கள், நான் கேட்டால் என்ன. கர்த்தாவே, இது உமக்குச் சித்தமில்லை என்றால் ஐயர் இருமட்டும். ஐயர் இருமினார். அப்புறம் யோசித்தேன், இவர் இருமாத ஆராதனை எது? மைக்கைப் பிடித்தாலே இருமுவார். சரி, அது தள்ளுபடி. கரண்ட் போகட்டும். ஃபேன் அப்படியே தளர்ந்து நின்றது. பெண்கள் பக்கம் விசிறிகள் வெளியே வந்தன. கிப்சன் அறிக்கைத் தாளை மடித்து எனக்கு விசிற ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் கரண்ட் போகும், ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். தானாக நடக்கப்போவதாகப் பார்த்துப் பார்த்துக் கேட்கிறேன். பஸ்ஸில் ஒருத்தன் கீழே கிடக்கிற பழைய டிக்கெட்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டு நீட்டுவான். தேதி பார்க்கமாட்டேன் என்று நினைப்பான். நான் பார்ப்பேன். இப்போது நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஏன்? பச்சைச் சேலைக்காரி யார் என்று தெரிய வேண்டுமென்றால் அடையாளம் எதற்கு? இதோ இவன் என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வாயைத் திறந்து கேட்டால் ஆயிற்று. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரிய இன்ஸ்பெக்டர் ஒரு விஷயம் சொல்லுவார், முகத்தைப் பார்த்து யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படு, டிக்கெட் கேட்காமல் ஒருத்தனையும் கீழே இறக்காதே என்று. நான் இறக்கினதில்லை. சத்தியமாக ஒருத்தனையும். இவனிடம் போன ஞாயிறு கேட்டிருக்கலாம், கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம், பியூலாவிடம் கேட்டிருக்கலாம், அடுப்படியில் நின்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும். கேட்கவில்லை. கேட்டால் காட்டிவிடுவானோ என்று பயம். அவன் சட்டைப்பையில் டிக்கெட் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அப்புறம் எந்தக் கையை வைத்துத் தடுப்பேன்? கேட்காமல் இருக்கும்வரை அவன் திருடன். திருடனாகவே இருக்கட்டும். எனக்குக் காலையில் டீ வரட்டும்.

"ஜெபம் பண்ணுவோம்," என்கிறார் ஐயர். முழங்கால்படியிட வேண்டும். நான் வெகு நாளாக முழங்கால் போடுவதில்லை, உட்கார்ந்தபடியே குனிந்துகொள்வேன். இன்றைக்கு என்னமோ இறங்கப் பார்த்தேன். முழங்கால் போடுகிற பலகை முன் பெஞ்சுக்கு அடியில் தள்ளிக் கிடந்தது, காலால் இழுத்தால் வரவில்லை. கிப்சன் குனிந்தான். தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, தலையை முன் பெஞ்சுக்கு அடியில் விட்டு, பலகையை இழுத்தான். அது ஆடிற்று. மடித்து வைத்திருந்த அந்தத் தாளை அதன் ஒரு காலுக்கு அடியில் செருகினான். ஆட்டிப் பார்த்தான். அப்புறம் என் காலை, செருப்பில்லாத என் கிழட்டுக் காலை, குதிகாலில் பிடித்து எடுத்துப் பலகைக்குப் பின்னால் நேராக வைத்தான், இடறாமல் இருக்க. அவசரமே இல்லை. அந்தப் பிடரி. வள்ளியூரில் பார்த்த அதே பிடரி, அதே குனிவு. தகப்பன்தான் குனிவான் என்றேனே. நான் இவனுக்கு யார்? இவன் யாருக்கும் இப்படிக் குனிகிறவன். எவன் காலையும் இப்படிப் பிடிக்கிறவன். எனக்குத் தெரியாமல் வாய் கேட்டுவிட்டது. "வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல அந்தப் பிள்ள யாரு?"

அவன் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். சபை முழுவதும் கண்ணை மூடியிருக்கிறது, ஐயர் நாட்டுக்காகவும் ஆளுகிறவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டிருக்கிறார், இவன் ஜன்னலைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "பாத்தியளா மாமா?" "யாருன்னு கேட்டேன்." "தங்கச்சி பிள்ள. பக்கத்துல இருந்தது ஷீபா, என் தங்கச்சி. வேற சாதிக்காரனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. எங்கப்பா அவ செத்துட்டான்னே சொல்லி வச்சிருக்காரு. பேரச் சொன்னாச் சோத்துத் தட்டத் தள்ளிருவாரு. வீட்டுக்குக் கூப்பிட முடியாது, அதான் பஸ் ஸ்டாண்டுல வச்சுப் பாக்கேன்." "பியூலாவுக்கு?" "தெரியுமே. அந்தச் செருப்பே அவ வாங்கிக் குடுத்ததுதான். அளவு பெருசாப் போச்சு, வார் நிக்கவே மாட்டேங்குது." "எங்கிட்ட ஏன் சொல்லல?" முன் பெஞ்சுக்காரர் கண்ணைத் திறக்காமலே உஸ் என்றார். கிப்சன் குரலை இன்னும் இறக்கினான். "அவதான் வேண்டாம்னா. மாமாவுக்குத் தெரிஞ்சா நேரா எங்கப்பாகிட்டயே போயி, ஓம் மக உயிரோட இருக்காளா இல்லியான்னு விசாரிச்சிருவாகன்னு." போய்க் கேட்டிருப்பேன். கண்டிப்பாகக் கேட்டிருப்பேன். என்னை அவளுக்குத் தெரியும். அதற்குள் இவன் சொல்கிறான், "அன்னைக்கே ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா மாமா. எல்லாரும் ஒரு டீ குடிச்சிருக்கலாம்."

ஆமென் என்றது சபை. நானும் சொன்னேன், எதற்கு என்று தெரியாமல். சரியான டிக்கெட். இன்றைய தேதி. செருப்பு அளவு பெரிது என்கிற மாதிரி ஒரு விவரத்தை எந்தப் பொய்யனும் கைவசம் வைத்திருக்கமாட்டான். வைத்திருப்பானோ? திரும்பவும் ஆரம்பிக்கிறேன். வேண்டாம். கேட்டாயிற்று, காட்டியாயிற்று. பெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன், அவன் முழங்கைக்கு அடியில் கை கொடுத்தான். இவ்வளவு நாளாக எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த பச்சைச் சேலைக்காரி நகர்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றது நான்தான் என்று இப்போது தெரிகிறது. அவள் நின்றுகொண்டே இருந்திருக்கலாம். அடியே ஷீபா, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கலாமே நீ. அந்த வராந்தாவில் பியூலா சாய்ந்திருந்த சுவரில் எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து ஒரு கறை இருந்தது, அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. அவளுக்கு அப்போது முப்பதுகூட இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறார் என்றார்கள். வைத்தது யார்? நான் தலையை ஆட்டினேன். ஐயர் மேடையிலிருந்து இறங்குகிறார், தாளைப் பிரிக்கிறார், மைக்கைப் பிடிக்கிறார், இருமுகிறார். விவாக அறிக்கை, மூன்றாம் முறை. காலஞ்சென்ற வின்ஸ்டன் அவர்களின் மனைவி பியூலா. அந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே மூச்சில். இதுவே கடைசித் தடவை, இனிமேல் அவனுடைய மனைவி என்று யாரும் வாசிக்கமாட்டார்கள். அது எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை, வாசித்தபோதுதான் தோன்றிற்று. தடை தெரிந்தவர்கள் இப்போது அறிவிக்கலாம் என்றார். என்னை அறியாமல் என் கை முன் பெஞ்சை எட்டிப் பிடித்திருந்தது. பழக்கம். பத்து நாளாக மனசுக்குள் எழுந்து நின்று பழகின கை. கிப்சன் பார்த்துவிட்டான். "எந்திரிக்கணுமா மாமா?" என்று உள்ளங்கையை நீட்டினான், நான் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க. முட்டாள். எதற்கு எழுந்திருப்பேன் என்றுகூடக் கேட்கவில்லை. "வேண்டாம்," என்றேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தடை இல்லாமல் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு தூணோரம் உட்கார்ந்திருந்தது. அது எழுந்திருக்கவில்லை. ஐயர் மூச்சு விட்டார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்றார். வீட்டுக்குப் போனால் பியூலா கதவைத் திறப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், சமாதானம் இருக்கா மாமா என்று கேட்டாலும் கேட்பாள். சமாதானம் ஒன்றும் வரவில்லை. முழங்கால் வலிக்கிறது, வயிறு காலியாக இருக்கிறது, பக்கத்தில் இவன் கரண்ட் வந்த பிறகும் வெறுங்கையால் விசிறிக்கொண்டிருக்கிறான். சமாதானம் வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.